பழைய பிக்கப்பும் காற்று பெல்லோவும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் பாறையைத் துளைத்தது காற்று. தரைமட்டத்தில் பெரிய கம்ப்ரசர்கள் ஓடும். அங்கிருந்து குழாய் வழியாக இறங்கும் அழுத்தக் காற்று, பல ஆயிரம் அடி ஆழத்தில் தொழிலாளியின் கையிலிருக்கும் டிரில்லை உதைத்து இயக்கும். 1902-ல் காவிரியின் சிவசமுத்திர மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சேர்ந்த பிறகு, இந்த ஊரின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நீராவியை விட்டு மின்சாரத்துக்கு மாறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன.

பாறை டிரில்லுக்குப் பொதுவாக வேண்டிய காற்றழுத்தம் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை. டயருக்குக் காற்று பிடிக்கும்போது சொல்கிறோமே, அதே கணக்கு. பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவதற்காக ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பெல்லோவும் 100 பி.எஸ்.ஐ.-க்குள்தான் வேலை செய்கிறது. அழுத்தக் காற்றோடு ஒரு நூற்றாண்டு பழகிய ஊரில், வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன் பொருத்துவதைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதுதான். ஆனால் இந்த வேலையில் பலர் முதலில் பார்ப்பது காற்றைத்தான். முதலில் பார்க்க வேண்டியது, அதற்காகக் கழற்றப்போகும் இரும்புப் பட்டையை.

பழைய பிக்கப்பின் பின்சக்கரங்களுக்கு மேலே வில்லாக வளைந்து அடுக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் சுமையைத் தாங்குகின்றன என்பது பார்த்தாலே தெரியும். அதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அவைதான். வளைவில் திரும்பும்போது ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் தடுப்பதும் அவைதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால், ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கையும் பட்டைகள் வாங்கிக்கொள்கின்றன. பட்டையும் பட்டையும் உரசுவதால் ஆட்டமும் ஓரளவு அடங்கும். இத்தனைக்கும் சேர்த்து அவற்றைப் பிடித்திருப்பது இரண்டு யூ போல்ட்டு, ஒரு சென்டர் போல்ட்டு, ஒரு ஷாக்கிள், சில புஷ்கள். இதைவிடச் சிக்கனமான பொறியியல் வண்டியில் வேறு எங்கும் இல்லை என்றே சொல்லலாம்.

காற்று பெல்லோவுக்கு இவற்றில் ஒரே ஒரு வேலைதான் தெரியும்: சுமையைத் தாங்குவது. பட்டையைக் கழற்றிவிட்டு பெல்லோவை மட்டும் வைத்தால், ஆக்சிலைப் பிடித்து வைக்க வண்டியில் எதுவுமே இருக்காது.

அப்படியிருந்தும் காற்று எதற்கு? கோலார் ஏ.பி.எம்.சி. தக்காளிச் சந்தைக்கு வரும் பிக்கப்புகளைக் கவனித்தால் விடை கிடைக்கும். ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று அது. 15 கிலோ பிடிக்கும் கிரேட்டுகள் நூறு ஏற்றினால் ஒன்றரை டன். அந்தச் சுமையோடு வரும்போது வண்டி இதமாக அசைந்து வரும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதே வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும். பட்டை முழுச் சுமைக்காக அடுக்கப்பட்டது. சுமை இல்லாதபோது அதற்கு வளையத் தெரியாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாமல் இருக்க, அது தாங்கும் எடை மட்டும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் இரண்டு மடங்காகும். மனித உடலுக்கு விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடுவது பழகிய ஆட்டம். நடக்கும்போது நாம் அசைவதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். அது இரண்டு, இரண்டரை என்று ஏறும்போது முதுகு வலிக்கத் தொடங்குகிறது.

காற்றின் குணம் வேறு. சுமை கூடும்போது பெல்லோவுக்குள் காற்றைக் கூட்டி, வண்டியை அதே உயரத்தில் நிறுத்தலாம். அழுத்தம் கூடக்கூட பெல்லோவின் விறைப்பும் கூடுகிறது. காலியாகும்போது காற்றை இறக்கினால் விறைப்பும் இறங்குகிறது. சுமையும் விறைப்பும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் நகர்வதால், ஆடும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஏர் சஸ்பென்ஷனின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது. வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் படம் எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

இந்தக் குணத்தை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவை பேருந்துகள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1953-ல் தொலைதூரப் பேருந்துகளில் காற்று பெல்லோக்களைக் கொண்டுவந்தது. கார்களில் 1957-ன் கேடிலாக் எல்டொராடோ ப்ரூஹம், 1958-ல் ஷெவர்லே விருப்பத் தேர்வாகக் கொடுத்த 'லெவல் ஏர்' என்று அடுத்தடுத்து வந்தன. அவை நிலைக்கவில்லை. காற்று கசிந்து, காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வாங்கியவர்கள் பலர் திரும்பவும் கம்பிச்சுருள் ஸ்பிரிங்குக்கே மாற்றிக்கொண்டார்கள். பேருந்துக்குப் பணிமனையும் தினசரிப் பராமரிப்பும் உண்டு. வீட்டுக் காருக்கு அது கிடைக்கவில்லை. இன்று வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களும் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில், கோலாரிலிருந்து பெங்களூர் போகும் வழியில் ஹொசகோட்டேயில் வால்வோ ஆலை இருக்கிறது. 2001-ல் இந்தியச் சாலைக்கு வந்த அதன் பி7ஆர் பேருந்துதான், காற்றின் மேல் பயணம் செய்வது எப்படி இருக்கும் என்பதைத் தென்னிந்தியப் பயணிகளுக்குக் காட்டியது. கர்நாடக அரசுப் போக்குவரத்தின் 'ஐராவத்' சொகுசுப் பேருந்து அந்த வழியில் வந்ததே. சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் ஏர் சஸ்பென்ஷன் தயாரிக்கிறது. 2024-ல் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கம் இறங்கி முதியவர்களுக்கு வாசலைத் தாழ்த்திக் கொடுப்பதும், அந்தப் பக்கத்து பெல்லோக்களின் காற்றை வெளியேற்றித்தான்.

தங்கவயலுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1964-ல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ், ஊர்க்காரர்கள் வாயில் 'பெமல்', தங்கவயல் ஆலையில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்றவற்றைச் செய்கிறது. மைசூர் ஆலையில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான ராட்சத டம்பர்களைச் செய்கிறது. நூறு டன் சுமக்கும் அந்த டம்பர்களில் பட்டை ஸ்பிரிங் கிடையாது. கனத்த சிலிண்டருக்குள் எண்ணெயும் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் இருக்கும். சுமை விழும்போது நைட்ரஜன் சுருங்கித் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியே நகர்ந்து ஆட்டத்தை அடக்குகிறது. சாதாரணக் காற்று இருக்க நைட்ரஜன் எதற்கு என்று கேட்கலாம். மிக அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் ஒன்றாக நசுங்கினால் டீசல் என்ஜினுக்குள் நடப்பதுபோலத் தீப்பற்றும் அபாயம் உண்டு. நைட்ரஜன் எரியாது, ஈரமும் இருக்காது. பெமலின் பெங்களூர் ஆலை கட்டும் மெட்ரோ ரயில் பெட்டிகளுக்கு அடியில் நேரடியான காற்று ஸ்பிரிங்குகளே இருக்கின்றன. காலை நெரிசலில் பெட்டி நிறைந்தாலும் அதன் தளம் நடைமேடையின் மட்டத்திலேயே நிற்பது அவற்றால்தான்.

ஆக, தொழில்நுட்பம் புதிதல்ல. அதை ஒரு பழைய பிக்கப்பில் எந்த அளவுக்குக் கொண்டுபோவது என்பதில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வழிகள் இரண்டு.

முதல் வழி, பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாக இரண்டு பெல்லோக்களை ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே போல்ட்டு போட்டு மாட்டுவது. ஆக்சிலைப் பிடிக்கும் வேலையெல்லாம் பட்டையிடமே இருக்கும். கூடுதல் சுமையைக் காற்று வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வழி, பட்டையை முழுதாகக் கழற்றிவிட்டு, சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு நான்கு இரும்புக் கைகள் கொடுத்து, பக்கவாட்டு நகர்வைத் தடுக்க இன்னொரு தண்டும் வைத்து, அதன்பின் பெல்லோவை உட்கார வைப்பது. வண்டி மிகவும் தாழ வேண்டுமென்றால், ஆக்சில் மோதாமலிருக்க சேசிஸையே அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் வலுப்படுத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் பிரியர்கள் அதிகம் கை வைக்கும் வண்டிகளில் ஒன்று 1947-ல் வந்த ஷெவர்லே 3100. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1950-களின் நடுப்பகுதி வரை அந்த வண்டிகளில் பிரொபெல்லர் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. சக்கரத்தின் உந்துவிசையையும் முறுக்கையும் அந்தக் குழாய்தான் கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோகிறது. அதை அறியாமல் நான்கு கை முறையைப் பொருத்தினால், குழாய் ஒரு வட்டத்தில் நகரப் பார்க்கும், கைகள் வேறொரு வட்டத்தில் நகரப் பார்க்கும். இடையில் ஏதாவது ஒன்று உடையும். அதனால் அந்த வண்டிகளில் முழு மாற்றம் செய்கிறவர்கள் பின் ஆக்சிலையே மாற்றிவிடுகிறார்கள். நம் ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய மஹிந்திரா பிக்கப்பாக இருந்தாலும் பாடம் ஒன்றே: காற்றைப் பற்றி யோசிக்குமுன், ஆக்சிலை எது பிடித்திருக்கிறது என்று வண்டிக்கடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்வதற்கு முதல் வழியே சரி. தங்கவயலில் நல்ல வெல்டர்களும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன. கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வருடம் முறுக்கு வாங்கிய சேசிஸை வெட்டி ஒட்டுவது வெறும் வெல்டிங் வேலையோடு முடிவதில்லை. அளவு தவறினால் பிரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி வண்டி அதிரும்; ஒரு பக்கத்துக் கை கொஞ்சம் நீண்டால் ஆக்சில் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்கு, பாகங்களை அளவு பிசகாமல் பிடித்து வைக்கும் ஜிக் வேண்டும், கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

துணை பெல்லோ பொருத்தும் வேலை எடை மேடையில் தொடங்குகிறது. பின் ஆக்சிலை மட்டும் மேடையில் ஏற்றி, காலியாக ஒரு எடை, வழக்கமான சுமையோடு ஒரு எடை எடுக்க வேண்டும். வித்தியாசம்தான் காற்று தாங்க வேண்டிய பங்கு. கணக்கு எளிது. செயல்படும் விட்டம் ஆறு அங்குலம் உள்ள பெல்லோவின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். அதில் 50 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் 1,400 பவுண்டு, அதாவது சுமார் 635 கிலோ தாங்கும். ஜோடியாக 1,270 கிலோ. பெல்லோ சுருங்கும்போதும் விரியும்போதும் இந்தப் பரப்பு மாறும் என்பதால், தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் வண்டி நிற்கும் உயரத்துக்குரிய எண்ணையே எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்து இன்னும் அரை டன் ஏற்றலாம் என்று ஒருவர் நினைத்தால் அது ஆபத்து. பெல்லோ வண்டியின் பின்பக்கத்தை நிமிர்த்துகிறது, அவ்வளவுதான். பிரேக்கும் டயரும் ஆக்சில் தண்டும் வீல் பேரிங்கும் பழையவையே. பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதால் அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போவது, சாய்ந்து கிடந்து எச்சரிப்பதைவிடக் கெட்டது.

இடம் பார்ப்பது அடுத்தது. காற்று நிறைந்ததும் பெல்லோ பக்கவாட்டில் உப்பும். டயர், பிரேக் குழாய், சைலன்சர் எதையும் தொடாமல் சுற்றிலும் ஓர் அங்குலமாவது விட வேண்டும். சைலன்சர் அருகில் இருந்தால் வெப்பத் தகடு கட்டாயம். மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒரே நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். பிராக்கெட்டுகளைச் சேசிஸின் பக்கச் சுவரில் போல்ட்டு போட்டு மாட்டலாம். மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது, அங்கேதான் வளைவுவிசை அதிகம். ஸ்பிரிங் பட்டையில் துளை போடுவதும் வெல்டு வைப்பதும் கூடவே கூடாது. பதப்படுத்திய எஃகு அது. வெல்டு பட்ட இடத்தில் கண்ணாடிபோல உடையும்.

காற்றுக்குழாய் விஷயத்தில் ஒரு சின்னத் தவறு பெரிய விளைவைத் தரும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, ஒரு 'டி' இணைப்பு போட்டு இரண்டு பெல்லோவுக்கும் ஒரே குழாய் கொடுக்கிறார்கள். தங்கவயலின் மாரிக்குப்பம் பக்கம் ஒரு வளைவில் வண்டி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை வெளிப்பக்கம் சாயும். வெளிப்பக்க பெல்லோ நசுங்க, அதன் காற்று குழாய் வழியே உள்பக்க பெல்லோவுக்குப் பாயும். தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து, தளர வேண்டிய பக்கம் உயரும். வண்டி இன்னும் சாயும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு, தனித்தனி மீட்டர் கொடுப்பதற்கு ஆகும் செலவு, இதைப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லை.

குழாய் நைலான் குழாயாக இருக்க வேண்டும். முனையைப் பிளேடால் செங்குத்தாக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் இணைப்பில் கசியும். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீரைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. கம்ப்ரசர் வைக்காமல், டயர் வால்வு போன்ற வால்வை மட்டும் வைத்து, பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொள்வதும் ஒரு வழி. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் சுமை ஏற்றும் வண்டிக்கு அதுவே போதும். கம்ப்ரசர் வைத்தால் அதற்கு 12 வோல்ட்டில் கனமான கரண்ட் தேவை. பழைய டைனமோ தாங்குமா என்று முதலில் பார்த்துவிட்டு, ரிலே, ஃபியூஸ், தடித்த ஒயர், அழுத்தம் எட்டியதும் தானாக நிறுத்தும் ஸ்விட்ச் எல்லாம் வைக்க வேண்டும்.

வேலை செய்யும்போது உயிரோடு விளையாடக் கூடாத இடம் ஒன்று. காற்று மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கடியில் எவரும் நுழையக் கூடாது. ஒரு குழாய் கழன்றால் வண்டி நொடியில் இறங்கிவிடும். சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே படுக்க வேண்டும். காற்று முழுதாகப் போனாலும் வண்டி ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் வந்து உட்கார வேண்டும், பெல்லோவின் மேல் உட்காரக் கூடாது. காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பர் மடிந்து கிழியும். அதனால் சுமை இல்லாத நாளிலும் குறைந்தது 5 பி.எஸ்.ஐ. வைத்திருப்பது வழக்கம். காற்றுக்கு உரசல் கிடையாது என்பதால் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு ஷாக் அப்சார்பர் மேல் விழும். எண்ணெய் ஒழுகும் பழைய ஷாக்கோடு பெல்லோ போட்டால் வண்டி படகாக ஆடும்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சேசிஸை வெட்டுவது இதில் நேராக மாட்டும். துணை பெல்லோவைப் பற்றிக்கூட, கே.ஏ.08 எண் கொடுக்கும் தங்கவயல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்.

பழைய வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அதற்கான முதல் நிபந்தனை வண்டி மூல வடிவத்தில் இருப்பது. சேசிஸையோ பாடியையோ என்ஜினையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்த வாசல் மூடிவிடும். 1970-களின் பிக்கப் ஒன்று இன்று இரும்புக்கடை விலைக்குக் கிடைத்திருக்கலாம். அதன் சேசிஸை வெட்டாமல் விட்டால் நாளைக்கு அது ஆவணமாகவும் மதிப்புப் பெறும்.

அதனால்தான் போல்ட்டு போட்டு மாட்டி, போல்ட்டைக் கழற்றி எடுக்கக்கூடிய வேலையே நல்லது என்று இந்தக் கட்டுரை வற்புறுத்துகிறது. பொருத்திய பிறகு முதல் எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். பெல்லோவின் மேல் உரசல் தடம் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை கைவைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் டேங்க் இருந்தால், மழைக்காலத்தில் அதன் அடித்திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை விட வேண்டும். வண்டியிலிருந்து கழற்றிய பழைய இரும்புப் பாகங்களை எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி, ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். விண்டேஜ் பதிவுக்கு அந்த வண்டி பரிசோதனைக்குப் போகும் நாளில், பெல்லோவைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கு அவை தேவைப்படும்.